டைப் அடித்தது யார்?

விகாஸ் ஸ்வரூப் எழுதிய ‘சிக்ஸ் சஸ்பெக்ட்ஸ்’ நாவலில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர். எனக்கோ ஏழாவதாக ஒருவர் மேல்தான் கண். அவருக்கு நாவலில் பெயர் கிடையாது, முகம் கிடையாது, ஒரு வரியில்கூட வந்து போவதில்லை. உத்தரப் பிரதேச உள்துறை அமைச்சர் ஜகந்நாத் ராயின் கதையை ஆசிரியர் ஒட்டுக்கேட்டு எழுதிய தொலைபேசிப் பேச்சாகவே கொடுத்திருக்கிறார். அவர் யாரை மிரட்டுகிறார், யாரிடம் குழைகிறார், யாரைத் தீர்த்துக்கட்டச் சொல்கிறார், மகன்மேல் எப்படி எரிந்து விழுகிறார் என்பதெல்லாம் போனில் பேசுவதை வைத்தே நமக்குத் தெரிகிறது. அந்தப் பக்கங்களைப் படித்த என் சிநேகிதிகள் எல்லோரும் ‘அடப்பாவி’ என்றார்கள். எனக்கு மட்டும், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்டு இதையெல்லாம் டைப் அடித்தது யார் என்றுதான் ஓடியது. ஆணா, பெண்ணா? அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன சமைத்தார்?

நான் ஸ்டெனோ. கும்பகோணத்தில் மாடிமேல் இருந்த ஒரு தட்டச்சுப் பள்ளியில் பிட்மன் சுருக்கெழுத்து படித்து, ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் பரீட்சையில் நிமிடத்துக்கு 80 வார்த்தை எழுதித் தேறி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தில்லிக்கு வந்தவள். மந்திரி அறைக்கு வெளியே ஒரு தமிழ் ஸ்டெனோ உட்கார்ந்திருப்பது வழக்கமாக இருந்த காலத்தின் வால் பகுதி அது. எந்த அமைச்சகம் என்பது இங்கே தேவையில்லை.

வந்த புதிதில் சீனியர் அம்மா ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கார்பன் தாளைப் பற்றியது. புதுக் கார்பனை ஒரே ஒரு முறை உபயோகித்து எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தால், அடித்த கடிதம் மொத்தமும் வரி வரியாகத் தெரியும். தேதி, யாருக்கு, என்ன விஷயம், கடைசியில் யார் கையெழுத்து என்பதுவரை. அதனால் ரகசியக் குறிப்பு அடித்தால் கார்பனையும், நோட்டில் சுருக்கெழுத்து எழுதிய பக்கத்தையும் கிழித்துச் சேர்த்து அழித்துவிட வேண்டும். ஒரு நாள் மத்தியானம் அந்த அம்மா கார்பனைத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். நான் படிக்க ஆரம்பித்ததும் வெடுக்கென்று கீழே இழுத்துக்கொண்டார். “பார்க்கத்தான் சொன்னேன். படிக்கச் சொல்லலை.” அந்த வித்தியாசம் பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. பிடிபட்ட பிறகு வாழ்நாள் முழுக்க உதவியது. அறைக்குள் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மூலையில் நான் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பேன். அவர்கள் கணக்கில் அந்த நாற்காலி காலி.

ஊரில் இருந்தவரை என் வாசிப்பு பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்கள்தான். ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், இவர்களுக்கெல்லாம் பெரியண்ணன்களாக சுஜாதாவின் கணேஷும் வஸந்தும். குற்றவாளி யார் என்று கடைசிப் பக்கங்களில் தெரிந்துவிடும். தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார், விலங்கு மாட்டுவார், கதை தீர்ந்தது. அதற்குப் பிறகு கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கணேஷ் வக்கீலாக இருந்தும்கூட நாம் கேட்கவில்லை. தில்லிக்கு வந்த பிறகுதான், இந்த ஊரில் ‘யார்’ என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது, கதை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது என்று புரிய ஆரம்பித்தது.

1999 ஜனவரி 10. அப்போது லோதி காலனி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். விடியற்காலை எங்கள் பகுதியிலேயே ஒரு பி.எம்.டபிள்யூ கார், போலீஸ் நிறுத்திச் சோதனை செய்யும் இடத்தில் புகுந்து அடித்ததில் ஆறு பேர் செத்துப்போனார்கள். மூன்று பேர் போலீஸ்காரர்கள். காலையில் மதர் டெய்ரி பூத்தில் பாலுக்கு நின்ற கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. வண்டியிலிருந்து ஒழுகிய எண்ணெய்த் தடத்தைப் பிடித்துக்கொண்டே போன போலீஸ், கோல்ஃப் லிங்க்ஸில் ஒரு பங்களாவுக்குள் அந்தக் காரைக் கண்டுபிடித்தது. ஓட்டியவர் ஒரு முன்னாள் கடற்படைத் தலைமைத் தளபதியின் பேரன் என்பது மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. எல்லாம் இவ்வளவு துலக்கமாக இருந்த வழக்கில், பிற்பாடு கோர்ட்டில் ஏறிய ஒரு சாட்சி, மோதியது லாரி என்றார். லாரி! எங்கள் பிளாக்கில் ரொம்ப நாளைக்கு இது ஒரு பரிகாசப் பேச்சாகவே இருந்தது. பையன் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டால், “யாரு உடைச்சா, லாரியா?” என்போம்.

அதே வருஷம் ஏப்ரல் 29 இரவு, விடிந்தால் 30. மெஹ்ரோலியில் குதுப் மினார் பக்கத்தில் இருந்த ‘டாமரிண்ட் கோர்ட்’ உணவகத்தில் ஒரு விருந்து. மதுக்கூடத்தை மூடிவிட்டார்கள், சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னதற்காக, அங்கே பரிமாறிக்கொண்டிருந்த மாடல் ஜெஸிகா லாலைச் சுட்டுவிட்டார்கள். முதல் குண்டு கூரைக்கு, இரண்டாவது அவள் தலைக்கு. சுட்டது மனு சர்மா, காங்கிரஸ் தலைவரும் முன்னாள் மத்திய அமைச்சருமான வினோத் சர்மாவின் மகன். விருந்துக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். பெரும்பாலோர் நகரத்துப் பிரபலங்கள், மறுநாள் பத்திரிகையில் போட்டோ வருகிற ரகம். விசாரணை நடந்தபோது அத்தனை பேருக்கும் முதுகுப்பக்கம்தான் வாய்த்தது போல ஆயிற்று. முக்கியமான சாட்சி ஒருவர், தன் வாக்குமூலத்தைப் போலீஸ் இந்தியில் எழுதியது, தனக்கு இந்தி படிக்கத் தெரியாது என்றார். சுட்டது இரண்டு பேர், இரண்டு துப்பாக்கி என்று ஒரு கதை முளைத்தது. அந்தத் துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2006 பிப்ரவரி 21 அன்று ஒன்பது பேரையும் விடுதலை செய்துவிட்டார்கள்.

அந்தச் சாட்சியின் இந்தியைப் பற்றி நாங்கள் ஸ்டெனோக்கள் எங்களுக்குள் வேறு மாதிரிப் பேசிக்கொண்டோம். ஒருவர் ஒரு மொழியில் சொல்ல, இன்னொருவர் வேறு மொழியில் எழுத, கீழே சொன்னவர் கையெழுத்துப் போடுவது எங்களுக்குத் தினசரி வேலை. என் அதிகாரி பாதி பஞ்சாபியில் பேசுவார், ஃபைலில் ஆங்கிலம் இருக்கும். சொன்னவர் அப்புறம் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றால் மாட்டிக்கொள்வது யார் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கூண்டில் நின்ற அந்த மனிதனைவிட, அந்த ராத்திரி ஸ்டேஷனில் எழுத உட்கார்ந்த ஏட்டுதான் என் மனக்கண்ணில் வந்தார்.

விடுதலைக்குப் பிறகு தில்லி கொதித்தது உண்மை. இந்தியா கேட்டில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ‘ரங் தே பஸந்தி’ படம் வந்த சூடும் சேர்ந்திருந்தது. ஆபீஸ் விட்டு நடந்தே போய்விடுகிற தூரம். நானும் பக்கத்து செக்‌ஷன் சிநேகிதியும் கிளம்பியதைப் பார்த்து எங்கள் செக்‌ஷன் ஆபீசர், “ரூல் 7 ஞாபகம் இருக்கட்டும்” என்றார். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. ஏழாவது விதி ஆர்ப்பாட்டம், வேலைநிறுத்தம் பற்றியது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாங்கள் கூட்டத்தை விட்டுத் தள்ளி, வறுத்த கடலை விற்பவன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த டிசம்பரிலேயே மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. 2010-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடுவில் 2009-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பரோலில் வந்தவர் தில்லி மதுக்கூடம் ஒன்றில் தென்பட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. 2020 ஜூனில் தண்டனைக் காலம் முடியுமுன்பே வெளியே வந்துவிட்டார். அடுத்த வருஷம், அந்த வழக்கை இத்தனை காலம் சுமந்த ஜெஸிகாவின் சகோதரி சப்ரினா லால் இறந்துபோனார். பிறழ்ந்த சாட்சிகளில் ஒருவர் மீதும், துப்பாக்கி நிபுணர் ஒருவர் மீதும் பொய்ச்சாட்சி வழக்குத் தொடர 2013-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது தனிக் கதை.

‘சிக்ஸ் சஸ்பெக்ட்ஸ்’ வந்தது 2008-ல். எங்கள் சுஜாதா இறந்ததும் அந்த வருஷம்தான், பிப்ரவரியில். நான் வாங்கியது அடுத்த ஆண்டு. ஸ்வரூப்பின் முதல் நாவல் ‘க்யூ அண்ட் ஏ’யிலிருந்து எடுத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எட்டு ஆஸ்கர் வாங்கிய கையோடு, தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில் அவர் பெயர் போட்ட புத்தகங்கள் குவிந்து கிடந்தன. என் பிரதி அசலா போலியா என்று சத்தியம் பண்ண மாட்டேன். நடுவில் ஒரு பக்கம் சாய்வாக அச்சாகியிருந்தது.

கதை இதுதான். அமைச்சர் மகன் விக்கி ராய். முதலில் காரை ஏற்றி நடைபாதையில் தூங்கியவர்களைக் கொன்றான், தப்பித்தான். அடுத்தது மான் வேட்டை, அதிலும் தப்பித்தான். பிறகு ஒரு விருந்தில் மது தர மறுத்த ரூபி கில் என்ற பெண்ணைச் சுட்டான், விடுதலையாகிவிட்டான். அந்த விடுதலையைக் கொண்டாட மெஹ்ரோலிப் பக்கத்துப் பண்ணை வீட்டில் விருந்து வைக்கிறான். விருந்து நடுவே விளக்கு அணைகிறது, விக்கி ராய் பிணமாகக் கிடக்கிறான். கதவைச் சாத்திச் சோதனை போட்டால் துப்பாக்கியோடு ஆறு பேர்: காந்தி ஆவி பிடித்ததுபோல அடிக்கடி மாறிவிடுகிற ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். மோகன் குமார், நடிகை ஷப்னம் சக்சேனா, செல்போன் திருடன் முன்னா, அந்தமான் ஓங்கே பழங்குடி எகேட்டி, நேரில் பார்க்காத பெண்ணை நம்பிக் கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்த அமெரிக்கன் லாரி பேஜ், செத்தவனின் அப்பா ஜகந்நாத் ராய்.

தில்லிக்காரி யாருக்கும் இந்தக் கரு எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்வரூப்பின் சாமர்த்தியம் வேறிடத்தில் இருக்கிறது. அவர் கொலைகாரன் விடுதலையான இடத்தில் கதையைத் தொடங்குகிறார். கோர்ட் கையை விரித்த பிறகு, துப்பறியும் நாவல் வந்து உட்கார்கிறது. அதனால் என்ன ஆகிறது என்றால், படிக்கிற நமக்குக் கொலையாளி அகப்பட வேண்டும் என்ற ஆசையே வருவதில்லை. பஸ் ஸ்டாண்டு நாவலில் இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று பக்கத்தைத் திருப்பிய அதே நான், இதில் வந்துவிடாமல் இருக்கட்டுமே என்று திருப்பிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுதியவர் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி என்பது எங்கள் ஆபீஸில் தனி ஆச்சரியம். பின்னால் வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்தார், கனடாவுக்குத் தூதராகப் போனார். அரசு ஊழியர் எழுதக் கூடாதா? எழுதலாம். பத்திரிகையில் எழுத அனுமதி கேட்கச் சொல்லும் எங்கள் விதியில், முழுக்க இலக்கியமாக இருந்தால் விலக்கு உண்டு. ஒரு மாநில உள்துறை அமைச்சரைக் கொலைகாரனாகக் காட்டுவது முழுக்க இலக்கியமா என்று யாராவது ஃபைல் போட்டுக் கேட்டிருந்தால் அது ஆறு டெஸ்க் சுற்றியிருக்கும். கேட்கவில்லை போலிருக்கிறது, நல்லதாயிற்று.

குளிர்காலம் முடிகிற நாட்களில் தில்லி அரசு ஊழியர்கள் மத்தியானம் புல்வெளியில் இருப்பார்கள். ஸ்வெட்டர் பின்னுவார்கள், சீட்டாடுவார்கள், ஆரஞ்சு உரிப்பார்கள், வேர்க்கடலைத் தோலால் தரை மூடிப்போகும். அங்கே உட்கார்ந்து நான் அன்றன்றைக்குப் படித்ததை இந்தியில் கதையாகச் சொன்னேன். கேன்டீன் பிரெட் பக்கோடா பந்தயம். கொலைகாரன் யார்?

பின்னல் ஊசியை நிறுத்தாமலே பஞ்சாபி அம்மா நடிகை என்றார். “அழகா இருக்கிறவளுக்குத்தான் அவனால தொந்தரவு ஜாஸ்தி.” வங்காளி யூ.டி.சி. ரொம்ப யோசித்து அந்தக் காந்தி ஆவிக்காரர் என்றார். காந்தியே துப்பாக்கி எடுத்தால்தான் நாவலுக்குப் பொருத்தம் என்பது அவர் வாதம். பல்லியா மாவட்டத்திலிருந்து வந்த எங்கள் பியூன் நேராகப் பதில் சொல்லவில்லை. ஜகந்நாத் ராய் போனில் பேசுகிற இடங்களைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார், “இது எங்க ஊர்ப் பக்கத்து ஆளாத்தான் இருக்கும்” என்று சிரித்தார். பிறகு, எகேட்டி எப்படி இருப்பான் என்று விசாரித்தார். குள்ளமாக, கன்னங்கரேலென்று, யாரும் துணைக்கு இல்லாமல், தங்கள் கூட்டத்திலிருந்து களவுபோன புனிதக் கல்லைத் தேடிக்கொண்டு வந்தவன் என்றேன். அவர் கடலைத் தோலை மடியிலிருந்து தட்டி எழுந்தார். “கொன்னது யாரா வேணா இருக்கட்டும் மேடம். உள்ளே போறது இவன்தான்.”

பக்கோடாவை யார் ஜெயித்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நாவலை இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். பியூன் சொன்னதைப் பற்றி மட்டும் சொல்லலாம்: எகேட்டி வருகிற பக்கங்களுக்காகவே இந்த நாவலை வைத்திருக்கிறேன். லிட்டில் அந்தமானில் இன்றைக்கு ஓங்கே மக்கள் நூறு பேருக்கு முன்னே பின்னேதான் மிச்சம். 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியதைப் பார்த்ததுமே மேட்டுக்கு ஏறித் தப்பியவர்கள். அவர்களில் ஒருவனை இந்திய அரசியலின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அவன் கண்ணால் எல்லோரையும் காட்டியது பெரிய காரியம். மாறாக, லாரி பேஜை என்னால் சகிக்க முடியவில்லை. அமெரிக்கன் அசடு என்று காட்டுவதற்கு அத்தனை பக்கமா? காந்தி ஆவியும் முதல் இரண்டு தடவை சிரிப்பு, அப்புறம் அலுப்பு. புத்தகத்தை ஐந்து சந்தேக நபர்களோடு முடித்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருக்கும். ஆனால் அட்டையில் ஆறு என்று போட்டாகிவிட்டது.

அந்தப் போன் பேச்சுக்கு வருகிறேன். தொழில் ரீதியாக எனக்கு இரண்டு ஆட்சேபணை. மனிதர்கள் யாரும் போனில் வாக்கியத்தை முடிப்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் சுத்தமாக முடிப்பதில்லை. ‘அந்த விஷயம்’, ‘அவன்’, ‘நேத்து சொன்னேனே’, ‘சரி சரி, பாத்துக்கோ’ என்றே முழுப் பேச்சும் ஓடும். டிக்டேஷன் கொடுக்கும்போதுகூட அப்படித்தான், பெயரையும் வினைச்சொல்லையும் நாங்கள்தான் போட்டு நிரப்புவோம். ஸ்வரூப்பின் அமைச்சர் ஒவ்வொரு கொலையையும் எழுவாய் பயனிலையோடு சொல்கிறார். நாவல் என்பதால் மன்னிக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபணை கொஞ்சம் பெரியது, ஒருவகையில் ஆட்சேபணையே இல்லை, ரசனை. நாவல் வந்த காலத்தில் இந்தியாவில் ஒருவர் போனை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவுதான். 1996-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்த பிறகு, விதி 419ஏ. மத்தியில் என்றால் மத்திய உள்துறைச் செயலாளர், மாநிலத்தில் என்றால் மாநில உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உத்தரவு 60 நாள் செல்லுபடியானது, நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜகந்நாத் ராய் மாநில உள்துறை அமைச்சர். அவர் போனைக் கேட்க மாநிலத்தில் உத்தரவு போட வேண்டியது அவருடைய துறையின் செயலாளர். அந்தச் செயலாளருக்கு ஒரு தனிச் செயலர், பி.எஸ்., இருந்திருப்பார். அவர்தான் அந்த உத்தரவை அடித்திருப்பார். அடித்து முடித்து, எழுந்து, அதே தாழ்வாரத்தில் எதிரே வந்த அமைச்சருக்கு ‘நமஸ்தே’ சொல்லியிருப்பார். இந்த ஒரு காட்சிக்கு ஸ்வரூப் ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கலாம்.

இதை நான் சொல்லிச் சிரித்தது எங்கள் எதிர் பிளாக் மாமாவிடம். ரயில் பவனில் ஸ்டெனோவாகத் தொடங்கி அமைச்சர்களுக்கு பி.எஸ்.ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். மகனின் குவார்ட்டர்ஸில் இருந்தார். காலையில் ‘ஹிந்து’, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மலை மந்திர். அவர்தான் எனக்கு இந்திரா பார்த்தசாரதியின் ‘சுதந்திர பூமி’யைக் கொடுத்துப் படிக்கச் சொன்னவர். அமைச்சர் வீட்டுச் சமையல்கட்டில் நுழைந்து அரசியல்வாதியாக வளர்கிற தமிழ்ப் பையனின் கதை. “இந்த ஊர்ல மேலே போற படி எது, தெரிஞ்சுக்கோ” என்றார். அதுவும் அவர் சொன்ன ஒரே அரசியல் அபிப்பிராயமாகத்தான் இருக்கும்.

மாமாவுக்கு ‘சிக்ஸ் சஸ்பெக்ட்ஸ்’ கதையைச் சொன்னபோது போன் விவகாரத்தில் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டார். “அந்தக் காலத்துல ஒட்டுக் கேக்கவே வேண்டாம். போன்ல குரல் கேட்டாப் போறும்” என்று நகர்வாலா சங்கதிக்கு வந்தார். 1971 மே 24. பார்லிமென்ட் ஸ்ட்ரீட் ஸ்டேட் பாங்கின் தலைமைக் காசாளருக்கு ஒரு போன். முதலில் பிரதமரின் செயலாளர் பேசுவதுபோல ஒரு குரல், பிறகு இந்திரா காந்தியே பேசுவதுபோல ஒரு குரல். வங்கதேச விஷயமாக ரகசியமாய் 60 லட்சம் ரூபாய் வேண்டும் என்று கேட்க, அந்த மனிதர் எடுத்துக் காரில் வைத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் கொடுத்துவிட்டார். வாங்கிய ருஸ்தம் நகர்வாலா அன்றைக்கே பிடிபட்டார், பணமும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வந்தது. வழக்கு சில நாட்களில் முடிந்தது. விசாரணை செய்த போலீஸ் அதிகாரி அதே நவம்பரில் கார் விபத்தில் போனார். நகர்வாலா அடுத்த மார்ச்சில் காவலில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் போனார். ஜனதா ஆட்சியில் இதற்கென்று ஒரு கமிஷன்கூடப் போட்டார்கள்.

“அப்போ நிஜமாவே அந்தம்மா பேசினாளா மாமா?”

“நானா அந்தப் பக்கம் போனை எடுத்தேன்?” என்றார். இதையெல்லாம் அவர் சொன்னது பேப்பரில் வந்த அளவுதான், ஒரு எழுத்து கூடுதல் இல்லை. நானும் அதே தொழில் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லுகிறவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள், அதையும் எழுத வேண்டும். 1995 ஜூலை 2 இரவு, தில்லி இளைஞர் காங்கிரஸ் தலைவர் சுஷீல் சர்மா தன் மனைவி நைனா சாஹ்னியை கோல் மார்க்கெட் பக்கத்து வீட்டில் சுட்டுக்கொன்று, உடலை அசோக் யாத்ரி நிவாஸ் ஓட்டலில் இருந்த உணவகத்தின் தந்தூர் அடுப்பில் போட்டு எரிக்கப் பார்த்தார். அரசாங்கக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி கோல் மார்க்கெட். எங்கள் ஆபீஸிலேயே பாதிப்பேர் அங்கே குடியிருந்தவர்கள்தான். அடுப்பில் நெருப்பு தாறுமாறாக எழும்புவதைப் பார்த்துக் கூச்சல் போட்டது தெருவில் காய்கறி விற்கிற ஒரு பெண். உள்ளே கட்சிக்காரர்களின் பழைய போஸ்டர்கள் எரிகின்றன என்று சமாதானம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்விடாமல், சுவரேறிக் குதித்துப் பார்த்தது ரோந்து வந்த கேரளத்துக் கான்ஸ்டபிள். அந்த வழக்கில் தூக்குத் தண்டனைவரை போயிற்று, 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. நூற்றுக்கணக்கான பேர் இருந்த மெஹ்ரோலி விருந்தில் கிடைக்காத கண், நடுநிசித் தெருவில் கூடையோடு இருந்த ஒருத்தியிடம் கிடைத்தது. கொலைநாவல் எழுதுகிறவர்கள் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களை மட்டுமே சந்தேக வரிசையில் நிறுத்துகிறார்கள். வெளியே நின்றவளுக்கு அதில் இடமே இல்லை.

‘தி கிரேட் இண்டியன் மர்டர்’ என்று 2022-ல் இந்த நாவலைத் தொடராக எடுத்தார்கள், திக்மான்ஷு தூலியா இயக்கம். கதையை உத்தரப் பிரதேசத்திலிருந்து நகர்த்திவிட்டார்கள், துப்பறிகிற அதிகாரிகள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். அஷுதோஷ் ராணா அமைச்சராக மிரட்டியிருந்தார். ஆனால் தொடரில் அமைச்சர் போனில் பேசும்போது நாம் அவர் முகத்தைப் பார்க்கிறோம். புத்தகத்தில் வெறும் பேச்சுதான், அதில் இருந்த பயம் இதில் இல்லை. என் பெண் இரண்டே ராத்திரியில் மொத்தத்தையும் பார்த்து முடித்தாள். ஜெஸிகா லால் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ‘நோ ஒன் கில்ட் ஜெஸிகா’ படம் பார்த்திருக்கிறாள், ஆனால் அது நிஜத்தில் நடந்தது என்பது அவள் மனதில் பதியவில்லை.

மாமா விஷயத்தில் ஒன்று பாக்கி. 1975 ஜனவரி 2 அன்று, பீகாரில் சமஸ்திபூர் ரயில் நிலையத்தில் புது அகல ரயில் பாதையைத் தொடங்கிவைக்கப் போன ரயில்வே அமைச்சர் எல்.என். மிஸ்ரா மேல் குண்டு வீசினார்கள். மறுநாள் தானாப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அப்போது மாமா ரயில் பவனில். சுதந்திர இந்தியாவில் பதவியில் இருக்கும்போதே ஒரு மத்திய அமைச்சர் கொல்லப்பட்ட வழக்கு, அதற்குத் தீர்ப்பு வந்தது 2014 டிசம்பரில். ஏறக்குறைய நாற்பது வருஷம். ஆனந்த மார்க்கத் தொடர்புடைய நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை. செத்தவரின் குடும்பத்தாரே, இவர்கள் செய்ததாக நம்பவில்லை என்றார்கள். மாமா அதற்குள் மகனோடு சென்னைக்குப் போய்விட்டிருந்தார், எண்பது தாண்டியாயிற்று, காது மட்டும் கூர்மை. பேப்பரைப் பார்த்ததும் அவருக்குத்தான் போன் போட்டேன்.

“மாமா, தீர்ப்பு வந்துடுத்தே, பாத்தேளா?”

“எந்தக் கேஸ்?”

சமஸ்திபூர் என்றேன். மிஸ்ரா என்றேன். அப்போது நீங்கள் மூன்றாவது மாடியில்தானே இருந்தீர்கள் என்றும் கேட்டேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். ஏழாவது சம்பளக் கமிஷன் என்ன சொல்றான்? பழைய பென்ஷன்காரனுக்கு ஏதாவது போட்டுக் குடுப்பானா?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டி.ஏ. சேர்ப்பு, மெடிக்கல் அலவன்ஸ் என்று அரை மணி நேரம் பேசினோம்.